முடக்கியது யார்?

போன டிசம்பர் 3ஆம் தேதி ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். வருஷம் முழுக்க யாருக்கும் ஞாபகம் வராத நான் அந்த ஒரு வாரம் மட்டும் ரொம்ப பிஸி. சின்ன வயதில் வந்த போலியோ; இடது காலில் காலிப்பர், கையில் ஊன்றுகோல். கூட்டம் இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. படி ஏறுவேன், ஆனால் இரண்டு மாடிக்கு இருபது நிமிஷம் ஆகும். நிகழ்ச்சியோ ஏற்கெனவே லேட். நாலு மாணவர்கள் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தார்கள். ‘உக்காருங்க சார், தூக்கிட்டுப் போயிடறோம்.’ வழி முழுக்க நாற்காலியின் கால் வளைந்துகொண்டே வந்தது. அரங்குக்குள் நுழைந்ததும் பலத்த கைதட்டல். நான் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தூக்கி வந்த பையன்களுக்குத்தான் தட்டுகிறார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

பேசி முடித்ததும் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் எழுந்தார். ‘சார், சாதி பத்திப் படிக்கணும்னா அம்பேத்கர்கிட்ட போகலாம். பெண்ணியம்னா ஒரு லிஸ்ட் இருக்கு. உங்க விஷயத்துக்கு எங்க ஆரம்பிக்கறது?’ உங்க விஷயம்! அது அவருடைய விஷயமும்தான் என்று சொல்வதற்குள் பொன்னாடை வந்துவிட்டது. அன்றைக்குச் சொல்ல முடியாமல் போன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு விடுதியில் ஆரம்பிக்கலாம்.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் லெ கோர்ட் என்று ஒரு பெரிய மாளிகை. அதன் சொந்தக்காரர் லெனார்ட் செஷையர், இரண்டாம் உலகப்போரின் புகழ்பெற்ற குண்டுவீச்சு விமானி. நாகசாகியில் அணுகுண்டு விழுந்ததை பிரிட்டன் தரப்புப் பார்வையாளராக வானத்திலிருந்து பார்த்தவர். போர் முடிந்து, 1948இல், போக்கிடம் இல்லாமல் செத்துக்கொண்டிருந்த ஒரு நோயாளியைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து தானே பணிவிடை செய்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் செஷையர் இல்லங்கள். 1950களின் நடுவில் பம்பாய்க்கும் வந்துவிட்டன. இந்தியாவின் பல ஊர்களில் இன்றும் இருக்கின்றன. செஷையரின் நல்ல மனதை நான் சந்தேகிக்கவில்லை. நல்ல மனதால் கட்டப்பட்ட ஒரு வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கதையே.

1956இல் பால் ஹண்ட் என்கிற இளைஞர் லெ கோர்ட்டில் வந்து சேர்ந்தார். பத்தொன்பது வயது. தசைகள் மெல்ல மெல்ல பலம் இழக்கும் நோய். சாப்பாடு, படுக்கை, மருத்துவம் எதற்கும் அங்கே குறைவில்லை. ஆனால் ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும் என்பதை நிர்வாகம் முடிவு செய்யும். ஒரு கிளாஸ் பீர் குடிக்கலாமா, சொல்லாமல் வெளியே போகலாமா, ஆணும் பெண்ணும் பழகலாமா என்பதெல்லாம் நிர்வாகத்தின் கையில். முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் ஹாஸ்டல் பிள்ளைகள் மாதிரி. ஹண்டும் நண்பர்களும் வருஷக்கணக்கில் ஒவ்வொன்றுக்காகவும் சண்டை போட்டார்கள். படுக்கப்போகும் நேரத்துக்கான போராட்டம் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அடுத்தவர் தூக்கிப் படுக்க வைத்தால்தான் படுக்க முடியும் என்கிற நிலையில் ஒருவர் ‘இன்னும் ஒரு மணி நேரம் புத்தகம் படிக்கப்போறேன்’ என்று சொல்வது எவ்வளவு பெரிய அரசியல் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1966இல் ஹண்ட் ஒரு புத்தகம் தொகுத்தார். பெயர் ‘ஸ்டிக்மா’. உடல் குறைபாடு உள்ள பன்னிரண்டு பேர் தங்கள் அனுபவத்தை எழுதிய கட்டுரைகள். தன்னம்பிக்கைக் கதைகள் வேண்டாம் என்பதில் அவர் தெளிவாக இருந்தார். அதில் அவர் எழுதிய கட்டுரையை இப்போது படித்தாலும் அசௌகரியமாக இருக்கும். எங்களைப் பார்த்தால் நீங்கள் சங்கடப்படுகிறீர்களே, அதற்குக் காரணம் எங்கள் உடம்பா, நீங்கள் எதையெல்லாம் வாழ்க்கையின் வெற்றி என்று நம்பி வைத்திருக்கிறீர்களோ அதுவா என்பது மாதிரியான விசாரணை.

இதற்கிடையில் விடுதிவாசிகள் ஒரு காரியம் செய்தார்கள். தங்கள் போராட்டத்துக்கு ஆய்வாளர்கள் துணை நிற்பார்கள் என்று நம்பி, லண்டனின் டேவிஸ்டாக் நிறுவனத்தை அணுகினார்கள். எரிக் மில்லர், ஜெரால்டின் க்வின் என்கிற இருவர் வந்தார்கள், தங்கினார்கள், கேட்டார்கள், குறிப்பெடுத்தார்கள். 1972இல் ‘எ லைஃப் அபார்ட்’ என்ற நூலாக முடிவு வெளிவந்தது. இப்படிப்பட்ட விடுதிக்குள் நுழைகிறவர் சமூக அளவில் ஏற்கெனவே இறந்துவிட்டவர். அந்தச் சமூக மரணத்துக்கும் உடல் மரணத்துக்கும் இடையில் உள்ள காலத்தைக் கடக்க உதவுவதே விடுதியின் வேலை. இதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். விடுதியை இன்னும் கொஞ்சம் நன்றாக நடத்தலாம் என்று யோசனைகள் கொடுத்தார்கள். விடுதியே எதற்கு என்று கேட்கவில்லை.

அழைத்தவர்களே ஆய்வில் பிணமாகிப் போனார்கள். ஹண்ட் இதற்கு எழுதிய பதிலில் அந்த ஆய்வாளர்களை ஒட்டுண்ணிகள் என்றார். நடுநிலை என்ற பெயரில் இவர்கள் யார் பக்கம் நின்றார்கள், யாருடைய காசில் பிழைத்தார்கள், இந்த ஆய்வால் யாருக்கு உத்தியோகம் வளர்ந்தது என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் பார்த்தார். அந்தக் கட்டுரை 1981இல்தான் அச்சில் வந்தது. ஹண்ட் 1979இலேயே, நாற்பத்திரண்டு வயதில், போய்விட்டார். என்னைக் கேட்டால் ஒரு துறையின் பிறப்பு அந்தக் கட்டுரையில்தான் இருக்கிறது. அதுவரை ஆய்வுப்பொருளாக இருந்தவர், ஆய்வு செய்கிறவரைத் திருப்பி ஆய்வு செய்தார்.

ஹண்ட் 1970இலேயே விடுதியை விட்டு வெளியேறித் திருமணம் செய்துகொண்டிருந்தார். 1972 செப்டம்பர் 20 அன்று கார்டியன் நாளிதழில் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். சின்னக் கடிதம்தான். எங்களைப் போன்றவர்கள் ஒதுக்குப்புறமான விடுதிகளில் அடைக்கப்பட்டிருக்கிறோம், எங்கள் கருத்தை யாரும் கேட்பதில்லை, நாமே சேர்ந்து ஒரு குழு அமைப்போம், விருப்பமுள்ளவர்கள் எழுதுங்கள். பதில்கள் வந்தன. நாடு முழுக்கச் சிதறிக்கிடந்த, பலர் படுக்கையை விட்டே எழ முடியாத ஒரு கூட்டம் எங்கே கூடும்? தபாலில் கூடினார்கள். சுற்றறிக்கை ஒன்று உறுப்பினர்களிடையே போய்வந்தது. ஒருவர் எழுதியதற்கு அடுத்தவர் பதில் எழுத, அதற்கு இன்னொருவர். இன்றைய வாட்ஸ்ஆப் குரூப்தான், ஆனால் ஒரு சுற்றுக்கு வாரக்கணக்கு. அதை வெளியாருக்குக் காட்டக்கூடாது என்று விதி. விடுதியில் இருக்கும் உறுப்பினர் என்ன எழுதினார் என்பது வார்டனுக்குத் தெரிந்தால் அவர் கதி என்னவாகும் என்ற பயம்தான் காரணம்.

இரண்டு வருஷம் இப்படி வாதாடித்தான் கொள்கை அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். தேதி: 1974 டிசம்பர் 3. ஐ.நா. இந்தத் தேதியை எங்கள் தினமாக அறிவித்தது இதனால் இல்லை. அதற்கு வேறு காரணம். ஆனாலும் ஒவ்வொரு டிசம்பர் 3க்கும் பொன்னாடை வாங்கிக்கொள்ளும்போது எனக்கு அந்தச் சுற்றறிக்கைதான் ஞாபகம் வருகிறது.

அமைப்பின் பெயர்: ஒதுக்கிவைத்தலுக்கு எதிரான உடல் குறைபாடு உடையோர் சங்கம். ‘செக்ரிகேஷன்’ என்ற சொல்லை வேண்டுமென்றே பெயரில் வைத்தார்கள். அந்தச் சொல்லின் முழு அர்த்தத்தைத் தன் உடம்பிலேயே சுமந்துகொண்டு ஒருவர் அந்தக் குழுவில் இருந்தார். விக் ஃபின்கல்ஸ்டைன், தென்னாப்பிரிக்க வெள்ளைக்காரர். பள்ளி வயதில் கம்பூன்றித் தாண்டும்போது கழுத்தெலும்பு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர். நிறவெறிக்கு எதிராக இயங்கியதற்காகச் சிறைக்குப் போனார். விடுதலையான பிறகு ஐந்து வருஷத் தடையாணை: இன்ன இன்ன இடங்களுக்குப் போகக்கூடாது, இன்னாரோடு கூடக்கூடாது. அந்த ஆணையைப் பற்றிப் பின்னாளில் அவர் சொன்னதில் ஒரு குரூரமான நகைச்சுவை இருக்கிறது. போகக்கூடாது என்று அரசு பட்டியல் போட்ட இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு அவர் ஏற்கெனவே போக முடியாது. எல்லாம் படிக்கட்டு. அரசு தனியாக மெனக்கெட்டுத் தடை போட்டிருக்க வேண்டியதே இல்லை.

1968இல் அகதியாக பிரிட்டன் வந்த அவர், ஹண்டைச் சந்தித்தபோது இரண்டு கதைகளும் ஒட்டிக்கொண்டன. கறுப்பர்களின் நிலைக்குக் காரணம் அவர்களின் தோலில் இல்லை, சட்டத்திலும் ஊரின் அமைப்பிலும் இருக்கிறது என்றால், எங்கள் நிலைக்குக் காரணம் மட்டும் ஏன் எங்கள் முதுகெலும்பில் இருக்க வேண்டும்?

1975 நவம்பர் 22 அன்று இந்தச் சங்கத்துக்கும் டிஸபிலிட்டி அலையன்ஸ் என்ற கூட்டமைப்புக்கும் ஒரு சந்திப்பு. எதிர்த்தரப்பில் இருந்தவர் வறுமை ஆய்வில் பெரிய பெயரான சமூகவியலாளர் பீட்டர் டவுன்செண்ட். எங்களுக்கு நல்ல எண்ணம்தான், உதவித்தொகையை உயர்த்தப் போராடுகிறோம், சேர்ந்துகொள்ளுங்கள் என்றது அவர் தரப்பு. வறுமை எங்கள் நோய்க்கான அறிகுறி மட்டுமே, நோயைப் பற்றிப் பேசாமல் அறிகுறிக்கு நிபுணர்கள் மருந்து எழுதிக்கொண்டே இருக்க முடியாது என்றது இவர்கள் தரப்பு. பேச்சு முழுவதையும் டேப்பில் பதிந்து அடுத்த வருஷம் சிறு வெளியீடாகவும் போட்டார்கள். உலகப் பல்கலைக்கழகங்களில் இன்று இந்தத் துறை இருக்கிறதென்றால் அதன் அஸ்திவாரம் அந்த மெல்லிய வெளியீடுதான். அதில் இருக்கும் முக்கியமான பொருள் ஒன்றே ஒன்று. கை கால் இல்லாமலிருப்பதோ அது வேலை செய்யாமலிருப்பதோ ஒரு விஷயம். அப்படி இருப்பவர்களைக் கணக்கில் எடுக்காமல் சமூகம் தன்னைக் கட்டிக்கொள்வதால் வரும் முடக்கம் வேறு விஷயம். முதலாவது உடம்பில் இருக்கிறது. இரண்டாவது மேலிருந்து சுமத்தப்படுகிறது.

இதைத் தமிழில் கற்பிக்க முயலும்போதுதான் சிக்கல் தெரியும். ஆங்கிலத்தில் அவர்களுக்கு ஏற்கெனவே இரண்டு சொற்கள் இருந்தன. அதைப் பிரித்துப் பிடித்துக்கொண்டார்கள். நமக்கு ‘ஊனம்’ என்ற ஒரே சொல் இரண்டையும் விழுங்கிவிடுகிறது. ‘ஊனமுற்றோர்’ என்றால் ஊனம் உற்றவர், ஏதோ வந்து சேர்ந்தது, விதி, பாவம். கலைஞர் ஆட்சிக் காலத்தில் ‘மாற்றுத்திறனாளி’ வந்தது. நொண்டி, குருடு, செவிடு என்று தெருவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் கொடுத்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை, எனக்கும்தான். ஆனால் இலக்கணமாகப் பார்த்தால் அதுவும் கண்ணை எங்கள்மீதே வைத்திருக்கிறது. எனக்கு ஏதோ மாற்றுத் திறன் இருக்கிறதாம். இரண்டாவது மாடிக்குப் படி மட்டும் வைத்தவரைப் பற்றி அந்தச் சொல் ஒன்றும் பேசுவதில்லை. ஹண்டின் கூட்டம் சொன்னதைத் தமிழில் சொன்னால் ‘முடக்கப்பட்டோர்’ என்று வரும். முடக்கப்பட்டோர் என்றதும் கேட்கிறவர் வாயில் தானாக ஒரு கேள்வி வரும், யார் முடக்கியது என்று. அரசாங்கப் பலகையில் அப்படி எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வகுப்பறையில் அரை மணி நேரம் இந்த மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதிவைத்துச் சண்டை போடலாம். துறையின் பெயருக்கே நல்ல தமிழ் நமக்கு அமையவில்லை. ‘ஊனவியல்’ என்றால் நோயியலின் தம்பி மாதிரி ஒலிக்கிறது. நான் டிஸபிலிட்டி ஸ்டடீஸ் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, கற்பித்தல். அதே 1975இல் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒரு பாடத்தை ஆரம்பித்தது. பெயர், தமிழில் சொன்னால், ‘சமூகத்தில் ஊனமுற்ற நபர்’. சமூகப் பணியாளர், நர்ஸ், ஆசிரியர் போன்றவர்களை மனதில் வைத்துச் செய்த பாடம். வீட்டிலிருந்தே தபாலில் படிக்கலாம் என்பதால் முடக்கப்பட்டவர்களும் படிக்க முடிந்தது. ஃபின்கல்ஸ்டைன் அதில் ஆசிரியராகச் சேர்ந்தார். பாடத்தின் பெயரைப் பாருங்கள், ‘நபர்’தான் அங்கே பொருள். இருபது வருஷத்தில் இரண்டு முறை திருத்தி எழுதப்பட்டு கடைசியில் அது ‘முடக்கும் சமூகம்’ என்ற பெயருக்கு வந்து சேர்ந்தது. நபரிலிருந்து சமூகத்துக்கு. பாடத்தின் தலைப்பை மாற்ற அவர்களுக்கு அவ்வளவு காலம் பிடித்தது.

ஃபின்கல்ஸ்டைன் எழுதிய ஒரு கற்பனைக் கதையைத்தான் நான் எங்கே போனாலும் முதல் பாடமாக வைப்பேன். ஆயிரம் பேர் வாழும் ஒரு கிராமம். எல்லாருமே சக்கர நாற்காலிக்காரர்கள். ஊரை அவர்களே கட்டியிருக்கிறார்கள். நிற்கிறவரே இல்லாத ஊரில் உயரமான கூரை எதற்கு? கூரையைத் தாழ்த்தி, கதவையும் ஐந்தடிக்கு இறக்கிவிட்டார்கள். அந்த ஊருக்கு நடக்கிற மனிதர்கள் சிலர் குடிவருகிறார்கள். வந்த அன்றே எல்லார் நெற்றியிலும் காயம். ஊர் மருத்துவர்கள் கூடி ஆராய்ந்து, இவர்களுக்கு ஒரு வகைக் குறைபாடு இருக்கிறது என்று முடிவு செய்கிறார்கள். தலைக்கு ஹெல்மெட் கொடுக்கிறார்கள். முதுகை வளைத்தே வைத்திருக்க ஒரு கட்டு. வேலை கேட்டுப் போனால் கிடைப்பதில்லை. இரக்கமுள்ளவர்கள் அறக்கட்டளை ஆரம்பித்து, கடை வாசல்களில் ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைத்து நன்கொடை வசூலிக்கிறார்கள். கடைசியில் ஒருநாள் நடக்கிறவர்களில் சிலருக்குத் தோன்றுகிறது, கதவை உயர்த்தினால் என்ன?

இதை வாசிக்கும்போது மாணவர்கள் ஹெல்மெட் வரைக்கும் சிரிப்பார்கள். உண்டியல் வந்ததும் அடங்கிவிடுவார்கள். ஏனென்றால் அந்த உண்டியலில் அவர்களும் காசு போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது பாடத்துக்கு மைக் ஆலிவர். பதினேழு வயதில் நீச்சல் குளத்தில் கழுத்து முறிந்தவர். இளம் குற்றவாளிகளுக்கான சிறையில் எழுத்தறிவு கற்பித்துவிட்டு, பிறகு சமூகவியல் படித்துப் பேராசிரியரானார். 1983இல் சமூகப் பணியாளர்களுக்காக எழுதிய ஒரு நூலில் சங்கத்தின் வாதத்துக்கு ‘சமூக மாதிரி’ என்று பெயர் கொடுத்துப் பரப்பினார். அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது வேறொன்று. பிரிட்டிஷ் அரசு வீடு வீடாகப் போய் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அதன் கேள்விகளை 1990இல் வந்த தன் புத்தகத்தில் எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். உங்களுக்கு என்ன கோளாறு என்று அரசு கேட்டால், சமூகத்துக்கு என்ன கோளாறு என்று சொல்ல முடியுமா என மாற்றினார். ஜாடியைத் திறக்கக் கஷ்டப்படுவது எந்த உபாதையால் என்ற கேள்வி, ஜாடிகளின் எந்த வடிவமைப்புக் குறையால் கஷ்டப்படுகிறீர்கள் என்று ஆனது. கேள்வி எழுதி வந்தவர் நிபுணர், பதில் சொல்கிறவர் தனியாள். கடைசிக் கேள்விக்குள் அந்தத் தனியாளே தன்னைக் குற்றவாளி என்று நம்பிவிடுவார் என்பது ஆலிவரின் வாதம்.

நம்மூரில் இந்தப் பயிற்சியைச் செய்து பார்க்கப் பொருள் நிறைய இருக்கிறது. ஏதாவது ஒரு நலத்திட்ட விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊனத்தின் சதவீதம் என்று ஒரு கட்டம் இருக்கும். 40க்கு மேல் இருந்தால் ஒரு உலகம், 39 என்றால் வேறு உலகம். மருத்துவர் என் காலை மடக்கி நீட்டி ஒரு எண் எழுதினார். எங்கள் ஊர்ப் பேருந்தின் முதல் படி எத்தனை சதவீதம் ஊனம் என்று யாரும் எழுதியதில்லை.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி போனது. பெர்க்லி மாணவர்கள், 1977இல் சான் ஃபிரான்சிஸ்கோ அரசு அலுவலகத்தை மூன்று வாரத்துக்கு மேல் பிடித்துவைத்திருந்த போராட்டம், இதையெல்லாம் ‘கிரிப் கேம்ப்’ ஆவணப்படத்தில் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே துறையை உருவாக்கியவர்களில் ஒருவர் இர்விங் ஸோலா. போலியோவும் பிறகு கார் விபத்தும் கண்டவர், காலிப்பரும் கைத்தடியுமாக நடந்துவந்த சமூகவியல் பேராசிரியர். 1970களின் ஆரம்பத்தில் நெதர்லாந்தில் முடக்கப்பட்டவர்களுக்கென்றே கட்டிய ஒரு குடியிருப்புக்குப் போனவர், அங்கே வாழ்கிறவர்களைப் போல சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். உட்கார்ந்த உடனே எதிரே இருப்பவர்கள் பேசும் தொனி மாறிவிட்டது. அதைவிட அவரை உலுக்கியது, தானே மாறிவிட்டதுதான். அதுவரை நான் அவர்களைப் போல இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டவன்தான். சக்கர நாற்காலிக்காரர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டி வந்தால் ஒரு அடி தள்ளி நிற்பேன், ரொம்ப காலம்.

சமூக மாதிரியை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். 1990களிலேயே ஜென்னி மாரிஸ், லிஸ் க்ரோ போன்ற பெண்கள் உள்ளேயிருந்தே கேட்டார்கள்: எல்லாம் படிக்கட்டு என்றால் என் வலியை எங்கே வைப்பது? சரிவுப்பாதை கட்டிவிட்டால் களைப்பு போய்விடுமா? உடம்பைப் பற்றிப் பேசினால் எதிரிக்கு ஆயுதம் கொடுத்ததாகிவிடும் என்று ஆண் தோழர்கள் பயந்தார்கள் என்பது என் கணிப்பு. ஐம்பது வயதுக்கு மேல் என் தோள்பட்டை என்னை ராத்திரியில் எழுப்புகிறது. நாற்பது வருஷ ஊன்றுகோலின் வட்டி. எந்த அரசு கட்டடத்தைத் திருத்தினாலும் அது குறையாது. ஹண்டின் சங்கம் உடல் குறைபாடு உடையவர்களை மட்டுமே முழு உறுப்பினராக ஏற்றது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மனநல நோயாளிகளும் அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களும் வாசலுக்கு வெளியே நின்றார்கள். ஒதுக்கிவைத்தலுக்கு எதிரான சங்கத்திலும் ஒரு ஒதுக்கல்.

இந்தியாவுக்கு வந்தால், அனிதா கய். சிறுவயது போலியோ, டெல்லியில் உளவியல் ஆசிரியை, 2024 டிசம்பரில் மறைந்தார். 2002இல் எழுதிய ஒரு கட்டுரையில், இந்தியப் பெண்ணியத்தின் பட்டியலிலேயே நாங்கள் இல்லை என்றார். அதில் ஒரு குடும்ப வழக்கத்தைச் சொல்கிறார். வட இந்தியப் பஞ்சாபி வீடுகளில் பெண்பிள்ளைகளை அத்தை மகன், சித்தப்பா மகன்களோடு ஒரே அறையில் படுக்க விடமாட்டார்கள். உடல் குறைபாடு உள்ள பெண் என்றால் பரவாயில்லை. அவளைப் பெண்ணாகவே யாரும் எண்ணவில்லை. ஹாம்ப்ஷயர் விடுதியில் காவல் அதிகமாகிப் போனது பிரச்சினை. இங்கே காவலே தேவைப்படாத அளவுக்கு ஒருத்தி இல்லாமல் போனது பிரச்சினை. பிரிட்டன்காரர்கள் போட்ட சட்டகம் அப்படியே நமக்குப் பொருந்தாது என்று நூறு பக்கம் எழுதுவதைவிட இந்த ஒரு வழக்கம் போதும்.

இங்கே சட்டம் வளர்ந்திருக்கிறது. 1995 சட்டம் ஏழு வகையை மட்டும் அங்கீகரித்தது. 2016 சட்டம் அதை 21 ஆக்கியது. 2011 கணக்கெடுப்பு எங்களை 2.68 கோடி என்றது. இவ்வளவு பேரைப் பற்றி நம் கல்லூரிகளில் எங்கே படிக்கிறார்கள் என்றால், பெரும்பாலும் சிறப்புக் கல்வி, மறுவாழ்வு, மருத்துவம். அதாவது எங்களை என்ன செய்வது என்று கற்றுத்தரும் துறைகளில். நாங்கள் எழுதியதை இலக்கியமாக, வரலாறாகப் படிக்கும் வகுப்பு அபூர்வம்.

அந்த மாணவி பொங்கலுக்கு அப்புறம் என் நம்பரைக் கண்டுபிடித்துப் போன் செய்தார். ஆறு பேர் சேர்ந்திருக்கிறோம், மாதம் ஒருமுறை படிக்கலாம், வருவீங்களா சார் என்றார். வருகிறேன், இடம் எங்கே என்றேன். நூலகத்தில் ஒரு ரூம் கேட்டிருக்கிறோம் என்றார். எத்தனாவது மாடி என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

இப்போது கல்லூரி கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில், வெளியே போட்ட பெஞ்சில் கூடுகிறோம். முதல் மாதம் கிராமத்துக் கதை. இரண்டாவது மாதம் நலத்திட்ட விண்ணப்பத்தின் கேள்விகளைக் கவிழ்த்தோம். ஒன்பது கேள்வியில் ஏழு கவிழ்ந்தது, இரண்டு கவிழ மாட்டேன் என்கிறது. ஏழாவதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறார், பார்வையற்றவர். அடுத்த மாதம் ஹண்டின் கட்டுரையை யாராவது சத்தமாக வாசிக்க வேண்டும். அதற்குள் தமிழில் கொஞ்சமாவது பெயர்த்து வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். முதல் பத்தியிலேயே அந்தச் சொல் வந்து நிற்கிறது.